கத்தாமல் பார்த்த பொருட்காட்சி

வீரபத்திரனின் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் நம்பமாட்டீர்கள். பிள்ளையார்பாளையத்தில் தன் வீட்டில் உட்கார்ந்து அவர் "காப்பி கொண்டா" என்றால் நாலாவது வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. முப்பது வருஷமாகத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. மற்றபடி மனசில் ஒன்றும் கிடையாது. அடுத்த வீட்டுக் கல்யாணமானாலும் சாவானாலும் முதல் ஆளாக நிற்கிற மனுஷர்தான். ஆனால் பாசத்தையும் கத்தித்தான் காட்டுவார்.

தெருவுக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. நெய்வதற்கு முன்னால் பட்டுப் பாவை, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அந்த முனையில் கயிற்றைப் பிடித்தவனுக்கு இந்த முனையில் சொல்வது கேட்கவேண்டும். வீரபத்திரன் நடுவில் நின்று "தளர்த்து! இன்னும் ஒரு கை இழு!" என்று குரல் கொடுத்தால் இரண்டு முனையும் கேட்கும். யார் வீட்டுப் பாவானாலும் அவர் நின்றாக வேண்டும்.

மனைவி கமலவேணிக்குத்தான் அந்தக் குரல் கசந்துபோயிருந்தது. வீட்டுக்குள் எவ்வளவு கத்தினாலும் அவள் கண்டுகொள்ளமாட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமல்லபுரம் போனபோது, சாப்பாட்டு அடுக்கை பஸ் நிலையத்திலேயே மறந்து வைத்துவிட்டாள். அதற்கு அவர் ஒரு பஸ் ஜனத்துக்கு முன்னால் கத்திய கத்தலில், முன்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. கமலவேணி வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டுச் சொன்னாள்: "இனிமே உங்களோட கோயிலுக்குக்கூட வரமாட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். கருட சேவைக்கு அடுத்த வீட்டு அங்கம்மாளோடு போனாள். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு பஸ் முந்திப் போனாள். தறியில் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு ஊடை நூல் நாடாவைத் தள்ளிக் கொடுத்தாள். ஆறு வருஷமாக வீரபத்திரன் மனைவியோடு தெருமுனை தாண்டியதில்லை. வெளியே சொல்லாவிட்டாலும், அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த வருஷம், எழுபத்து மூன்று என்று நினைவு, பட்டணத்துப் பொருட்காட்சியில் 'சினிமா நகரம்' என்று ஒரு பகுதி போட்டிருப்பதாகப் பேச்சு வந்தது. சுண்ணாம்பு அரண்மனை, காகிதக்கூழ் யானை, குழாயில் கொட்டும் மழை, நின்ற இடத்திலேயே ஓடுகிற ரயில். பெரிய மகள் தேவகியும் சின்னவள் அலமுவும் கூட்டிப்போகச் சொல்லி நச்சரித்தார்கள். அவர்களோடு இருந்த வீரபத்திரனின் அக்கா கங்கையம்மாளும், முட்டிவலியையும் மறந்து, "நானும் செத்துப்போறதுக்குள்ள ஒரு தரம் பாத்துடறேன் தம்பி" என்றாள். அவளுக்கு வயது ஐம்பத்தைந்துதான்.

"அம்மா வரலைன்னா நாங்களும் வரமாட்டோம்" என்று தேவகி சொல்லிவிட்டாள். கமலவேணி வெகு நேரம் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு கையை நிறுத்தாமலே, "வர்றேன். ஆனா ஒரு சத்தம் வந்தாலும் அடுத்த பஸ்ஸுல ஏறி வந்துக்கினே இருப்பேன்" என்றாள்.

"கத்தமாட்டேன்!" என்று வீரபத்திரன் கத்தினார்.

அதன்பிறகு அவர் திட்டம் போட்ட அழகைப் பார்க்கவேண்டும். முகூர்த்தப் புடவைக்குக்கூட அவ்வளவு யோசித்ததில்லை. எதற்கெல்லாம் தனக்குக் கோபம் வருமோ அதையெல்லாம் முன்கூட்டியே ஒழித்துவிடுவது என்பதுதான் யோசனை. காஞ்சிபுரத்தில் தறி ஓய்வது அமாவாசைக்குத்தான். அன்றைக்குப் போனால் பாதி ஊர் அங்கேதான் நிற்கும். ஆகவே அமாவாசை வேண்டாம், சாதாரண புதன்கிழமை போதும். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடலாம், கூட்டம் சாயங்காலம்தான். சாப்பாட்டு அடுக்கு என்ற பேச்சே கிடையாது. புளிச்சோற்றை இலையில் கட்டிக்கொண்டால், மறந்தாலும் போவது இலைதான். எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்று ஓடக் கூடாது. ஆளுக்கு ஒன்று கேட்டுக்கொள்ளலாம். தேவகி அரண்மனைப் படிக்கட்டு கேட்டாள். அலமு மழை கேட்டாள். கங்கையம்மாள் உட்கார நிழல் கேட்டாள்.

"உனக்கு இன்னா பாக்கணும்?" என்று மனைவியைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நிம்மதியா போய் வந்தா போதும்."

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. தெரிந்தால் "நாங்களும் வர்றோம்பா" என்று தெருவே கிளம்பிவிடும். அஞ்சு பேர் அம்பது பேராகிவிடுவார்கள். அலமுவின் வாயைக் கட்டுவதற்குத்தான் பெரும்பாடு பட்டார்கள்.

புதன்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, தலையில் பூவும் கையில் மூட்டையுமாக ஐந்து பேரும் பூனைமாதிரி கதவைத் திறந்தார்கள். எதிரே தெரு நீளத்துக்கு அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவு ஒன்று நீட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுத் தர்மனின் பாவு. தர்மன் கையில் கஞ்சிச் சட்டியோடு நின்று இவர்களைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தான்.

"வாண்ணே! இப்பத்தான் உன் கதவைத் தட்டலாம்னு இருந்தேன். நீங்களே எழுந்து, குளிச்சி, குடும்பத்தோட வந்துட்டீங்களே!"

நல்ல புடவை எதற்கு, பூ எதற்கு என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. தன் பாவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்றே நினைத்துவிட்டான். ஊருக்குப் போகிறோம் என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் அவன் வியாழக்கிழமைக்கு வைத்திருப்பான். ரகசியமாக வைத்ததன் பலன் இது. நீட்டிய பாவைத் தாண்டிக்கொண்டு போகிறவன் அந்தத் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. வீரபத்திரன் மூட்டையை உள்ளே வைத்தார். பிறகு தயங்கித் தயங்கி மனைவியைப் பார்த்தார்.

"குரல் குடுக்கணுமே" என்றார் மெதுவாக.

கமலவேணி ஒரு நொடி யோசித்தாள். "தொழிலுக்குக் குடுக்கிறது கணக்குல வராது. குடுங்க" என்று சொல்லி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இழை முடியப் போனாள்.

பாவு முடிய எட்டரை ஆயிற்று. பாவுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போகக் கூடாது என்று தர்மனின் மனைவி உப்புமா கிண்டினாள். கஞ்சி பட்ட துணியை அவிழ்த்து, மறுபடி குளித்து, வேறு உடுத்தி, பஸ் ஏறும்போது பதினொன்றரை. வாலாஜாபாத்தில் கங்கையம்மாள் காப்பி குடிக்க இறங்கியவள், டம்ளரை ஆற்றிக்கொண்டே நின்றாள். பஸ் அவளை விட்டுவிட்டு நகர்ந்தது. வீரபத்திரனின் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தம் மட்டும் வரவில்லை. தேவகி ஓடிப்போய்க் கண்டக்டரிடம் சொல்லி நிறுத்தினாள். அக்கா நிதானமாக ஏறி உட்கார்ந்து, "காப்பி நல்லா இருந்துச்சு தம்பி" என்றாள். அவர் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கமலவேணி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் பத்துக் காப்பிக்குப் பஸ்ஸை நிறுத்தலாம் என்று அவருக்கு இருந்தது.

உள்ளே போகும்போது மணி நாலு. எந்தக் கூட்டத்துக்குப் பயந்து இத்தனை திட்டமோ, அந்தக் கூட்டம் முழுக்க வாசலில் நின்றது. ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது. அரண்மனைப் படியில் தேவகி ராணிமாதிரி ஏறி இறங்கினாள். நகராத ரயிலில் உட்கார்ந்து, சுற்றும் திரையில் ஓடிய தென்னைமரங்களைப் பார்த்துக் கங்கையம்மாள், "செங்கல்பட்டு வந்துடுச்சா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாள். புளிச்சோறு கெடவில்லை. கமலவேணி தானாகவே அவர் இலையில் இன்னொரு பிடி வைத்தாள். திட்டம் பலித்துவிட்டது என்று வீரபத்திரன் நெஞ்சு நிறைந்திருந்தார்.

ஆறு மணிக்கு மழை விடப்போகிறார்கள் என்று மணி அடித்ததும் ஜனம் ஒரே பக்கமாகத் தள்ளியது. தள்ளல் ஓய்ந்து பார்த்தால் தேவகி இருந்தாள், அலமு இருந்தாள், அக்கா இருந்தாள். கமலவேணியைக் காணவில்லை.

அவர் போட்ட திட்டத்தில் எல்லாம் இருந்தது. தொலைந்துபோனால் எங்கே நிற்பது என்பது மட்டும் இல்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் அதை யோசித்ததே கிடையாது. திருவிழாவில் பிள்ளைகள் விலகினால் அவர் ஒரு குரல் கொடுப்பார், எந்த மூலையில் இருந்தாலும் வந்துவிடுவார்கள்.

"ஒரு குரல் குடுப்பா" என்றாள் தேவகி.

அவர் மூச்சை இழுத்தார். ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறாள், இத்தனை ஜனத்துக்கு நடுவில் அவள் பேரைச் சொல்லிக் கத்துவதா? இழுத்த மூச்சை அப்படியே விட்டார். "வேணாம்மா. தேடிக்கலாம்."

மூன்று பேரையும் காகித யானையின் காலடியில் உட்காரவைத்துவிட்டு அவர் தனியாகச் சுற்றினார். அரண்மனை, ரயில், தண்ணீர்க் குழாய், மறுபடி அரண்மனை. மழை கொட்டி நின்றது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பட்டணத்துக்கு அவள் புதுசு. அழுதுகொண்டு நிற்பாளோ, கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளோ?

இடையில் ஒலிபெருக்கி அலறியது. "காஞ்சிபுரத்திலிருந்து வந்திருக்கும் சிவன் அவர்கள் மைக் கொட்டகைக்கு வரவும்." கொஞ்ச நேரம் கழித்து, "திருத்தம். காஞ்சிபுரம் சிவன் அனுப்பி வைத்தவர், எங்கிருந்தாலும் உடனே வரவும்." சுற்றி இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எவனோ நம்ம ஊர்க்காரன் மானத்தை வாங்குகிறான் என்று நினைத்துக்கொண்டே வீரபத்திரன் நாலாவது சுற்றைத் தொடங்கினார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ தொண்டையைக் கனைக்கும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

"வீரபத்திரன்."

அவர் நின்றுவிட்டார்.

"காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வீரபத்திரன். நான் இங்க மைக்கு கொட்டாயில நின்னுக்கினு இருக்கேன். வாங்க."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்தப் பேர் அந்த வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. ரேஷன் கார்டுக்காரன் கேட்டாலும் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வாள். வீரபத்திரசாமி கோயிலைக்கூட 'தெற்குத் தெருக் கோயில்' என்றுதான் சொல்வாள். குரல் தெரிந்த குரல்தான், ஆனால் தன் பேரே அவருக்குப் புதிதாக இருந்தது. கண் நிறைந்து, எதிரே வந்தவர்மேல் மோதி, வழி கேட்டு ஓடினார்.

கொட்டகையில் கமலவேணி மைக்குக்குப் பக்கத்தில் முகம் சிவந்து நின்றாள். அவரைக் கண்டதும் சண்டைக்குப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் குரல் குடுக்கலை?"

"கத்தமாட்டேன்னு சொன்னேனே..."

"அறிவு இருக்குதா உங்களுக்கு? உங்க குரல் வந்தா அந்தப் பக்கம் வரலாம்னு காதைத் தீட்டிக்கினு ஒரு மணி நேரமா நிக்கிறேன்! ஊரு பாவுக்கெல்லாம் குரல் குடுப்பீங்க, பொண்டாட்டி தொலைஞ்சா வாயை மூடிக்குவீங்களா? இந்தத் தம்பிக்கு உங்க பேரைப் புரியவைக்க நான் பட்ட பாடு! தட்சன் யாகத்தை அழிச்சவருன்னா சிவன்றான். இல்லைப்பா, அவரு அனுப்பினவருன்னா அதையும் அப்படியே மைக்குல சொல்றான்! கடைசியில நானே..."

அங்கே நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை தாலிக்குப் போயிற்று. "ஐயோ, பேரைச் சொல்லிட்டேனே. உங்க ஆயுசுக்கு ஆகாதே."

வீரபத்திரன் அவளைப் பார்த்தார். கத்தத் தோன்றவில்லை, சிரிக்கவும் தோன்றவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் வராத அளவுக்கு மெல்லிய குரலில் சொன்னார்:

"ஆயுசு போனா போவுது. இன்னொரு தரம் சொல்லு."

மைக்காரத் தம்பி தலையைச் சொறிந்தான். "அம்மா, கோச்சுக்காதீங்க. மைக்கு இன்னும் ஆன்லதான் இருக்குது."

வெளியே பொருட்காட்சி முழுக்கச் சிரிப்பும் கைதட்டலும் கேட்டது. கமலவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டு, கையால் மைக்கை இறுக மூடிக்கொண்டு, அவர் ஒருவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.