எல்லாரும் தேறிய கண் பரிசோதனை

எட்டு வயதில் நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு ஒருவர் நாற்பது வயதில் பொறுப்பேற்க வேண்டுமா? இந்தக் கேள்வி எனக்கு எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடையின் உள்ளறையில், இமையை இரண்டு விரல்களால் விரித்துப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகக் காண்டாக்ட் லென்ஸ் போட முயன்று தோற்றுக்கொண்டிருந்தபோது வந்தது. அந்தக் கோலத்தில் ஒருவரால் சிந்திக்க முடியும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

லென்ஸுக்குக் காரணம் பூப்பந்து. குனோங் ராபாட்டில் வாரத்துக்கு ஒரு மாலை, அலுவலகப் பெண்கள் நால்வர் சேர்ந்து ஆடுகிறோம். என் கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிடும். பக்கவாட்டில் வரும் பந்து எனக்கு ஒரு வதந்தி மாதிரி. வந்துபோன பிறகுதான் உறுதியாகும். என்னோடு ஜோடி சேர்ந்து ஆடும் பெண் பொறுமைசாலி. அவளே ஒருநாள், "அக்கா, ஒண்ணு நீங்க வெளாடுங்க, இல்ல ஒங்க கண்ணாடிய வெளாட விடுங்க லா" என்று சொல்லிவிட்டாள்.

கடையில் எனக்குப் பயிற்சி கொடுத்த கண் பரிசோதகர் ஒரு தமிழ்ப் பெண். வயது இருபத்தைந்து இருக்கலாம். "மேல பாருங்கக்கா. சிமிட்டாதீங்க. ஐயோ, ஏன்க்கா வாயத் தொறக்குறீங்க, வாயில போடல லா" என்று சிரித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் பக்கத்தில் நின்றார். விரல் நுனியில் ஈரமாக, மெல்லியதாக, ஒளி ஊடுருவும் ஒரு சிறு கிண்ணம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கோ தொட்ட பொருளாகத் தெரிந்தது.

பாகான் செராய்க்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், பால் எடுத்துப் போன பிறகு மரத்தில் மாட்டியிருக்கும் மங்கில், அந்தச் சிறு கிண்ணத்தில், சில சொட்டுகள் மீந்து கிடக்கும். அதில் ஐந்து விரல் நுனிகளையும் முக்கிக் காயவைப்போம். காய்ந்ததும் நகத்திலிருந்து உரித்தால், விரல் ரேகைகூடப் பதிந்த ஒரு தோல் கழன்று வரும். அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து உலகத்தைப் பார்ப்போம். உலகம் மங்கலாகத் தெரியும். எனக்கு அது தோல் இல்லாமலும் மங்கலாகத்தான் தெரிந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் விளையாட்டுப் பொருள்கள் எல்லாம் ஓடவும் குதிக்கவும் வைப்பவை. கடையில் வாங்கியது எதுவுமில்லை. ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்து அடுத்தவர் கையில் சூடு வைத்துவிட்டு ஓடுவோம். காலிப் பால் டின்களில் கயிறு கோத்து, அவற்றின் மேல் ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் டக்டக்கென்று நடப்போம். மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் இழையை உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். அந்தப் பந்துக்குத் தரையில் பட்டால் எந்தத் திசையில் எழும்புவது என்ற கொள்கை ஏதும் கிடையாது. மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பிடித்தார்கள். நான் அதை முகத்தால் பிடித்தேன். விரைவிலேயே பந்தாட்டத்தில் என்னை உப்புக்குச் சப்பாணி ஆக்கினார்கள். ஆட்டத்தில் இருப்பேன், அவுட் ஆனாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. யாரும் என்மேல் கோபப்படாத அந்த நிலை எனக்கு அப்போது சலுகையாகப் பட்டது.

எனக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் ரப்பர் வளையங்களைக் கோத்துச் செய்த கயிறு. இரண்டு பேர் முனைகளைப் பிடிக்க, முழங்காலில் தொடங்கித் தலை வரை உயரம் ஏறும். குதிப்பதில் தோட்டத்திலேயே முதல் ஆள் தேன்மொழி. எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்தவள், என் வயதுதான். தலை உயரத்துக் கயிற்றையும் ஒரு காலை வீசி இழுத்துத் தாண்டிவிடுவாள். என் வேலை பாட்டுக் கட்டுவது. எந்த வரியையும் குதிக்கிற தாளத்துக்கு மடக்கிக் கொடுத்துவிடுவேன். நான் பாடாவிட்டால் குதிக்கமாட்டேன் என்று தேன்மொழி அடம் பிடிப்பாள்.

"மொத கண்ணாடி எத்தன வயசுலக்கா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

"பதிமூணு. இடைநிலைப் பள்ளியில பலகை தெரியலன்னு டீச்சர் கண்டுபிடிச்சாங்க."

"அதுக்கு முன்னாடி ஸ்கூல்ல டெஸ்ட் பண்ணலையா?"

"பண்ணாங்க. பாஸ் பண்ணேன்."

"இந்தப் பவருக்கா? முடியவே முடியாதே!"

முடிந்தது. அதை நான் பெருமையோடுதான் அவருக்குச் சொன்னேன். இத்தனை ஆண்டுகளாக நண்பர்கள் மத்தியில் சிரிப்புக்காகச் சொல்லிவந்த கதை அது.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்கள் தோட்டப் பள்ளிக்குச் சுகாதாரக் குழு வந்தது. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். வகுப்புக்கு வெளியே உள்ள நடையின் ஒரு கோடியில் மிஸ்ஸி அட்டையை மாட்டினார். அட்டை நிறைய ஆங்கில E எழுத்து, மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக, நாலா பக்கமும் திரும்பியிருந்தது. அதன் கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றனவோ அந்தப் பக்கம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடி ஒரு முறை, மறு கண்ணை மூடி இன்னொரு முறை.

எங்கள் ஆசிரியர் நல்லவர். ஆனால் சின்னத் தோட்டப் பள்ளிக்கு மதிப்பெண் ஒன்றுதான் மானம் என்ற கவலை அவரை விட்டதே இல்லை. பல் பரிசோதனையாக இருந்தாலும், பூச்சி மருந்து கொடுக்கும் நாளாக இருந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "பேரக் கெடுத்துறாதீங்கடா. மத்த ஸ்கூலு புள்ளைங்கள விட நாம கொறஞ்சவங்க இல்ல." அதனால் கண் பரிசோதனையையும் ஒரு பரீட்சை என்றே எடுத்துக்கொண்டோம். பரீட்சை என்றால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியும். மனப்பாடம் செய்வது.

வரிசையில் நான் கடைசிக்கு முந்தியவள். எனக்குப் பின்னால் தேன்மொழி. அட்டை எனக்கு ஒரு வெள்ளைச் சதுரம்; அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எனக்கு முன்னால் நின்றவர்களின் கைகள் நன்றாகத் தெரிந்தன. மிஸ்ஸி ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே வரிசையில்தான் தொட்டுக்கொண்டு போனார். நாலைந்து பேர் முடிவதற்குள் கைகளின் போக்கு எனக்குப் பாட்டாகிவிட்டது.

மேல கீழ சோத்தாங்கை,
கீழ மேல பீச்சாங்கை...

முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது தேன்மொழி என் பின்சட்டையை இழுத்தாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். "எனக்கு இந்தக் கண்ணுல ஒண்ணுமே தெரியலடி. ஒன் முதுகே பொகையா இருக்கு" என்றாள். அழத் தொடங்கியிருந்தாள்.

நான் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பாக்காத. மனசுக்குள்ள குதி."

பாட்டை இரண்டு முறை சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு மூன்றாம் முறை தேவைப்படவில்லை. அன்று வகுப்பில் எல்லாரும் தேறினோம். மிஸ்ஸி "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டினார். ஆசிரியர் மகிழ்ந்துபோய்க் கடைசி இரண்டு பாடங்களையும் விளையாட்டு நேரமாக்கினார். திடலில் தேன்மொழி அந்தப் பாட்டுக்கே தலை உயரம் தாண்டினாள். பாட்டு தோட்டத்தில் நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில், பள்ளியில் சேர்வதற்கு முன்பே சின்னப் பிள்ளைகள் அதைப் பாடிக் குதித்தார்கள்.

கண்ணாடிக் கடைப் பெண் முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு கேட்டார்: "ஒங்களுக்குப் பின்னாடி நின்ன அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?"

"எடது கண்ணு தெரியாது. பொறவியிலேயே அப்படி."

அவர் கையிலிருந்த புட்டியை மூடி வைத்தார். "பொறவின்னு சொல்ல முடியாதுக்கா. சோம்பேறிக் கண்ணா இருந்திருக்கலாம். அந்த வயசுல பாத்திருந்தா நல்ல கண்ணுல கட்டுப் போட்டு, மத்ததப் பழக்கிருப்பாங்க. பெரியவங்களானா பழக்குறது ரொம்ப சூசா, கஷ்டம்."

மறு கண்ணுக்கான லென்ஸ் என் விரல் நுனியில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு அன்று கிடைக்காத கண்ணாடி பதிமூன்று வயதில் கிடைத்தது. ஐந்து ஆண்டுத் தாமதம், ஈடு செய்தாகிவிட்டது. அவளுக்கு ஈடு செய்யும் வழி அந்த நடையிலேயே முடிந்திருக்கலாம். மனுக்களைப் படித்து, ஒரு முடிவு யாரை எப்படிப் பாதிக்கும் என்று எடைபோட்டுப் பரிந்துரை எழுதுவது என் அன்றாட வேலை. என்னுடைய முதல் பரிந்துரையை நான் எடைபோட்டதே இல்லை.

லென்ஸுக்குப் பழக இரண்டு வாரம் ஆனது. இல்லாத கண்ணாடியை விரலால் தள்ளித் தள்ளி மூக்கில் ஒரு சிவப்புத் தடம் விழுந்தது. ஒரு மாலை, சம்பலுக்குச் சில்லி பாடி மிளகாய் நறுக்கிய கையைக் கழுவினேன் என்ற நம்பிக்கையில் லென்ஸைக் கழற்றினேன். அரை மணி நேரம் குழாயடியில் நின்றேன். பழக வேண்டியிருந்தது லென்ஸுக்கு அல்ல, பார்வையின் ஓரங்களுக்குத்தான். இருபத்தேழு ஆண்டுகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் பார்த்தவளுக்குத் தோளுக்குப் பக்கத்தில் உலகம் திடீரென்று நடமாடத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள்களைக் கண்டு தேவையில்லாமல் ஒதுங்கினேன்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை பாகான் செராய்க்குப் போனேன். தேன்மொழி அங்கே இரும்புச் சாமான் விற்கும் ஒரு வன்பொருள் கடையில் கணக்கெழுதுகிறாள். கதவைத் திறந்தவள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"யாருடி நீ? மூஞ்சியில சாமான் கொறையுதே!"

தேநீர் ஊற்றும்போது கூசாவின் மூக்கைக் குவளையின் விளிம்பில் தொடவைத்து, பிறகுதான் சாய்த்தாள். நூறு முறை பார்த்திருப்பேன். அவள் கைப்பழக்கம் என்று நினைத்திருந்தேன். தூரம் தெரியாததால் தொட்டுப் பார்க்கிறாள் என்று அன்றுதான் விளங்கியது.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அவள் கூசாவைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"போலீஸ் வேலைக்குப் போனேன்ல, பத்தொம்பது வயசுல. ஓட்டத்துல மொத ஆளு. கண்ணு டெஸ்ட்டுல அதே E. நானும் பாடிப் பாத்தேன்டி. அட்டைய வேற மாதிரி மாட்டியிருந்தாங்க." சிரித்தாள். "அந்த டாக்டருதான் சொன்னாரு, சின்னப் புள்ளையிலயே கட்டுப் போட்டிருந்தா தேறியிருக்கும்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ யூனிவர்சிட்டியில இருந்த. சொன்னா அழுவ. அழுதுட்டு ஒரு கட்டுரை எழுதுவ."

அவள் கணிப்பில் தவறில்லை. ஆண்டுக் கணக்கில் மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"நீ பேசாம இருந்திருந்தா நான் அழுதிருப்பேன்" என்றாள் நிதானமாக. "அழுதிருந்தா மிஸ்ஸி என்னான்னு கேட்டிருப்பா."

சுவரில் அவள் மகளின் பள்ளிப் படம் மாட்டியிருந்தது. அதை நான் பார்ப்பதைக் கண்டு, "அவளுக்கு நாலு வயசுலயே பாத்தாச்சு. ரெண்டும் நல்ல கண்ணு. தனியாத்தான் உள்ள அனுப்பினேன். நான் வெளிய வாய மூடிக்கிட்டு நின்னேன்" என்றாள். பிறகு, "டீ ஆறுது, குடி. பாசாருக்குப் போலாம், மீனு தீந்துரும்" என்று எழுந்தாள்.

பாசாருக்குப் போகும் வழியில்தான் எங்கள் தோட்டத்து நுழைவாயில் இருந்தது. பள்ளியை டவுனுக்கு மாற்றிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மாணவர்களும் ஆசிரியரும் நடந்த அந்த நடை இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. வீட்டு வாசல்களில் பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் கயிறு தாண்டவில்லை. நான் கட்டிய பாட்டு எந்த வாயிலும் இல்லை. தோட்டத்தில் அழிந்துபோனவற்றில் நான் ஆறுதல் அடைந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

சாலையைக் கடக்கும்போது இடப்பக்கத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. என் புதிய ஓரப் பார்வையில் அது எப்போதோ தெரிந்துவிட்டது. தேன்மொழி தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்து, நின்று, அது போன பிறகே காலெடுத்து வைத்தாள். "வருதுன்னு தெரியும்டி. எவ்ளோ கிட்ட வருதுன்னுதான் தெரியாது" என்றாள். இத்தனை காலமும் நான் அவளுடைய வலப்பக்கம்தான் நடந்திருக்கிறேன். பேசும்போது என் முகம் தெரியட்டும் என்று அவள் என்னை அந்தப் பக்கம் நிறுத்திக்கொண்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அன்றிலிருந்து அவளோடு வெளியே போனால் நான் இடப்பக்கம் நடக்கிறேன். என்னைப் பார்த்துப் பேச அவள் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. அதனால் நடக்கும்போது முன்பைவிடக் குறைவாகப் பேசிக்கொள்கிறோம்.