விரத நாளில் அறுத்த சுரைக்காய்

சுரைக்காயை அறுத்தால் முதலில் முனையில் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் குப்பைக்கு, இல்லாவிட்டால் குழம்புக்கு. வெள்ளரிக்கும் பீர்க்குக்கும் இதே வழக்கம்தான். எங்கள் பக்கத்தில் அடுப்படியில் நிற்கிற யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். என் கையும் நாற்பது வருடமாகச் செய்தது. ஒரே ஒரு நாள் செய்யவில்லை. அந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அங்கன்வாடியில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். சத்துமாவு உருண்டையைத் துப்புகிற பிள்ளை, கஞ்சியைக் கண்டதும் வாயை இறுக்கிக்கொள்கிற பிள்ளை, சொட்டு மருந்து என்றால் ஓடி ஒளிகிற பிள்ளை, அத்தனை பேரையும் விழுங்க வைத்திருக்கிறேன். "கண்ண மூடு, மூக்கப் பிடி, ஒரே மடக்கு!" இதுதான் என் மந்திரம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அதிகாரம் பண்ண ஆள் வேண்டுமே, என் வீட்டுக்காரர்தான் அகப்பட்டார். அரசு பஸ் ஓட்டியவர். அவ்வளவு பெரிய வண்டியைக் காரையார் மலை வளைவில் ஒடித்துத் திருப்புகிற மனிதர், வீட்டில் நான் கிழித்த கோட்டைத் தாண்ட மாட்டார். அவருக்குச் சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஏதாவது ஒரு சாறு கொடுப்பேன். ஒரு வாரம் பாகற்காய், ஒரு வாரம் வெண்பூசணி, ஒரு வாரம் சுரைக்காய்.

காய் எல்லாம் எங்கள் தோட்டத்தில் விளைந்ததுதான். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் வீடு. பின்கதவைத் திறந்தால் ஐந்து சென்ட் இடம், அதன் கடைசியில் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். ஆடி பிறந்ததும் அவரை, புடலை, சுரை என்று கொடி விதை எல்லாம் ஊன்றிவிடுவேன். ஐப்பசி மழைக்குக் கத்தரி நாற்று. தை பனியில் தக்காளி. பங்குனி, சித்திரையில் வாய்க்கால் வற்றிப் போனால் குளித்த தண்ணீரிலும் பாத்திரம் கழுவிய தண்ணீரிலும் கொத்தவரையும் தண்டங்கீரையும் மட்டும் உயிர் பிழைத்துக் கிடக்கும். மயில் வந்தால் முருகன் வாகனம் என்றெல்லாம் பார்க்க மாட்டேன், கம்பை எடுத்துவிடுவேன். விளைந்ததைத் தெருவுக்கே கொடுப்பேன், ஆனால் குறை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. ஒரு தடவை கத்தரிக்காயில் புழு இருந்தது என்று சொன்னவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த நாளுக்கு முந்தின வருடம் வாய்க்கால் கரையில் நின்ற உடைமுள் மரத்தில் ஒரு பேய்ச்சுரை ஏறிக் கிடந்தது. அது காட்டுச் சுரை. காய் சின்னதாக இருக்கும், ஆடுகூடக் கடிக்காது, அவ்வளவு கசப்பு. அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து, "இத வெட்டிரட்டா?" என்று கேட்டார்.

"அது பாட்டுக்குக் கெடக்கு. நம்மள என்ன செய்யுது?" என்றேன் நான்.

சாயங்காலம் ஆனால் அதுவும் பூக்கும், பந்தலில் என் சுரையும் பூக்கும், இரண்டும் வெள்ளை வெளேர் என்று. பார்க்க அழகாக இருக்கும். அங்கேயும் இங்கேயும் பறந்த பூச்சி எந்தப் பூவின் தூளை எந்தப் பூவில் கொண்டுபோய் வைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த வருடம் ஒரு காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றவிட்டு, காயவைத்து, விதைக்கு எடுத்து வைத்தேன். மறு ஆடியில் அந்த விதையில் இரண்டு கொடி வந்தது. ஒன்றைப் பந்தலில் ஏற்றினேன், மற்றதைக் குளியலறைக் கூரையில் ஏற்றினேன். பந்தல் கொடி முதலில் காய்த்தது. ஒவ்வொரு காயையும் நறுக்கி ருசி பார்த்தேன், கற்கண்டு மாதிரி இருந்தது. கூரைக் கொடி ஐப்பசியில்தான் காய் பிடித்தது. முதல் பறிப்பில் இரண்டு காய், நகம் பட்டால் நீர் விடுகிற இளசு. ஒன்றைப் பக்கத்து வீட்டு டீச்சருக்குக் கொடுத்தேன்.

டீச்சர் பாளையங்கோட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலுக்குத் தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போவார். மறுநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவரிடம், "காய் எப்படி டீச்சர்?" என்று கேட்டேன்.

"அருமைக்கா. பஞ்சு மாதிரி வெந்துச்சு," என்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற காயை என் வீட்டுக்காரருக்குச் சாறு போடலாம் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கந்த சஷ்டி விரதத்தில் எனக்கு நாலாம் நாள். ஆறு நாளும் பொழுது சாய்ந்து விளக்கேற்றி முடிகிற வரை என் வாயில் தண்ணீரைத் தவிர ஒன்றும் படக் கூடாது. அவருக்குச் சர்க்கரை வந்த வருடம் நேர்ந்துகொண்ட விரதம் அது. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான். காயை நறுக்கினேன். முனைத் துண்டைக் கை தானாக எடுத்துவிட்டது, வாய் வரைக்கும்கூட வந்துவிட்டது. "ஐயையோ, விரதம்லா!" என்று கீழே போட்டுவிட்டேன். மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஒரு பெரிய தம்ளர் நிறையக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"ஏட்டி, இது கசக்குல்லா."

"கசந்தா சுகருக்கு நல்லதுதான். பாவக்கா சாறு குடிக்கீயல்லா, அது என்ன இனிக்கவா செய்யுது?"

"இல்லட்டி, இது ஒரு மாதிரி..."

"சின்னப் பிள்ளையா நீங்க? கண்ண மூடுங்க, மூக்கப் பிடிங்க, ஒரே மடக்கு!"

குடித்துவிட்டார். தம்ளரைக் கவிழ்த்துக்கூடக் காட்டினார், அங்கன்வாடிப் பிள்ளை மாதிரி. நான் சிரித்துக்கொண்டே வாங்கிக் கழுவிக் கவிழ்த்தேன்.

அரை மணி நேரம் இருக்காது. பின்வாசலில் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. துவைகல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பித்தமாக இருக்கும் என்று சுக்கு தட்டி வெந்நீர் வைத்தேன். அது உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. அப்புறம் வயிற்றுப்போக்கு. அப்புறம் மறுபடி வாந்தி. இந்தத் தடவை கல்லில் சிவப்பாகக் கிடந்தது. வெற்றிலை போடாத மனிதர்.

"கண்ணு மறைக்குட்டி," என்றார். அப்படியே சரிந்து உட்கார்ந்தார். தொட்டால் உடம்பு தண்ணீராகக் குளிர்ந்திருந்தது.

"டீச்சர்! டீச்சர்!" என்று மதிலைப் பார்த்துக் கத்தினேன். நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அந்த அம்மா காரை எடுத்து வந்தார். இருவரும் சேர்ந்து அவரைப் பைய நடத்திப் பின் சீட்டில் கிடத்தினோம். அவர் தலை என் மடியில் இருந்தது.

"என்னக்கா சாப்பிட்டாங்க?"

"ஒண்ணுமே இல்ல டீச்சர். சுரைக்காச் சாறுதான். நம்ம வீட்டுக் காய். ஒங்களுக்குத் தந்தேன்லா, அதே கொடி."

கார் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் டீச்சரின் கண் மட்டும் தெரிந்தது, அது நிறைந்திருந்தது.

"அக்கா, அந்தக் காய் கசந்துச்சு. கூட்டு வச்சு ஒரு வாய் வச்சேன், வைக்க முடியல. துப்பிட்டு சட்டியோட கொட்டிட்டேன்."

"ஏன் டீச்சர் எங்கிட்ட சொல்லல?"

"ஆசையாக் கொண்டுவந்து தந்தீங்க. சொன்னா நீங்க..." என்று நிறுத்திக்கொண்டார்.

அவர் முடிக்க வேண்டியதில்லை. என் வாய்க்குப் பயந்திருக்கிறார். புழு என்று சொன்னவள் பட்ட பாட்டைத் தெருவே பார்த்ததுதானே. எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாவைத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். கசக்குது என்று என் மடியில் கிடந்தவரும் சொல்லத்தானே செய்தார். நான் கேட்டேனா? இந்த மனிதர் போய்விட்டால் கொன்றவள் நான். வேறு யாருமில்லை.

அம்பையில் பார்த்த டாக்டர் ஊசி போட்டு, ஒரு பாட்டிலை மாட்டி, "இங்க வச்சுப் பாக்க முடியாதும்மா, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க" என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார். சேரன்மகாதேவி வழியாகப் போகிற அந்த ரோட்டில் அவர் எத்தனை ஆயிரம் தடவை பஸ் ஓட்டியிருப்பார். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் இந்த ஊர் வரைக்கும் மூச்சு இருக்கிறது, இந்த ஊர் வரைக்கும் இருக்கிறது என்று நெஞ்சைப் பார்த்துக்கொண்டே போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா. நான் சொன்னதும் அவளுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது.

"கசந்துச்சா?"

"ஆமா."

"எவ்வளவு குடிச்சாங்க?"

"ஒரு தம்ளர். முழுசா."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கசப்புச் சுரைக்காய் விஷம்மா. இதுக்குன்னு மாத்து மருந்து கெடையாது. பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. தண்ணி ஏத்துதோம், ரத்தப்போக்க நிறுத்தப் பாக்கோம். மத்தது அவங்க உடம்பு தாங்கணும்."

கோயம்புத்தூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு முடியவில்லை, வா என்று மட்டும் சொன்னேன். நான் கொடுத்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கால் சில்லென்று இருந்தது. கையை எடுத்தால் இன்னும் குளிர்ந்துவிடுமோ என்று எடுக்கவே இல்லை. மெஷின் கொஞ்சம் வேறு மாதிரி சத்தம் போட்டாலும் நர்ஸ் முகத்தைப் பார்ப்பேன். காரில் பின்னாலேயே வந்திருந்த டீச்சர் டீ வாங்கி வந்து, "விரதத்த முருகர் மன்னிப்பாருக்கா, ஒரு வாய் குடிங்க" என்றார். விரதம் யாருக்கு நினைவில் இருந்தது? குடிக்கத்தான் பார்த்தேன், தொண்டைக்குள் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் விழுங்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஒரு வாய் டீ விழுங்க முடியவில்லை.

மூன்றாம் நாள்தான் பிரஷர் இறங்காமல் நின்றது. டாக்டரம்மா அவரிடம் குனிந்து கேட்டாள். "ஏன் தாத்தா, அவ்வளவு கசந்துச்சுன்னா துப்பிற வேண்டியதுதானே?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அவரைப் படுக்க வைத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கூரையில் அந்தக் கொடி பூவும் பிஞ்சுமாகச் செழித்துக் கிடந்தது. ஒரு பிஞ்சைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தேன். வைத்ததுதான் தெரியும். துப்பினேன், வாய் கொப்பளித்தேன், உப்பு போட்டுத் தேய்த்தேன், பொழுது சாயும் வரை நாக்கு என் நாக்காக இல்லை. இதை ஒரு தம்ளர், நான் நின்று அதட்ட அதட்ட, கடைசிச் சொட்டு வரை குடித்திருக்கிறார். கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பேய்ச்சுரையும் நல்ல சுரையும் பக்கத்தில் பூத்தால் விதை கெட்டுப்போகும் என்று வேளாண்மை ஆபீசில் பிறகுதான் சொன்னார்கள். உடைமரத்துக் கொடியையும் வெட்டி எரித்தோம். இப்போது நான் விதை எடுத்து வைப்பதில்லை. சுரை போடுவதே இல்லை. யாருக்காவது காய் கொடுத்தால், கசந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். டீச்சர் இப்போது சொல்லிவிடுகிறார். போன வாரம், "அக்கா, ஒங்க அவரைக்காய் நார்" என்றார். நன்றாக இருந்தது எனக்கு.

இந்த வருடமும் சஷ்டிக்கு விரதம் இருந்தேன். அவருக்கு வெள்ளரிக்காய் சாறு. முனையை நறுக்கித் தின்றேன், நடுவில் ஒரு துண்டு, அடியில் ஒரு துண்டு. சாறு போட்டு அதிலும் ஒரு வாய் குடித்தேன். முருகா, குற்றம் என்றால் என் கணக்கில் வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் தம்ளரை நீட்டினேன். அவர் வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"அருமையா இருக்கு," என்றார்.

நான் ருசி பார்த்ததுதான், கசக்கவில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் பின்கதவுப் பக்கம் முக்காலியைப் போட்டு அரை மணி நேரம் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கசந்தாலும் அவர் அதைத்தானே சொல்லியிருப்பார்.