கண்டனூர் கண்காட்சிக்குக் கடைசித் தேதி

நான் வேலை பார்த்த ஃபிளெக்ஸ் கடைச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். பக்கத்து மளிகைக் கடைக்காரர் கொடுத்தது. காலையில் கடை திறந்ததும் முந்தின நாள் தாளைக் கிழிப்பது என் வேலை. கிழித்தால் சில நாட்களில் மட்டும் அடுத்த தாள் வலது மூலை மடிந்தபடி எட்டிப் பார்க்கும். அது அக்காவின் கைவேலை. ஓவியப் போட்டி, கண்காட்சி, சுவரில் படம் வரைய ஆள் எடுப்பது என்று எதற்காவது கடைசித் தேதி ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும், காலண்டரை இறக்கி, அந்தத் தாளைத் தேடிப் பிடித்து, நகத்தால் நீவி மடித்து வைப்பார். பேனாவால் குறித்தால் ஆகாதா என்று ஒருநாள் கேட்டேன். “எழுதினா மொதலாளி படிப்பாக தம்பி. மடிச்சு வச்சா ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்” என்றார்.

அவர் எனக்கு உடன்பிறந்த அக்கா இல்லை. கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, கடையில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. நானோ கும்பகோணத்தில் ஓவியம் படித்துப் பட்டம் வாங்கியவன். சென்னையில் இரண்டு வருடம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் பேனர் அடிக்க காரைக்குடிக்கே திரும்பியிருந்தேன். கடையில் நான் ‘டிசைனர்’, அவர் ‘ஆபரேட்டர்’. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. என் தலைக்கனத்தில்தான் வித்தியாசம்.

இந்த ஊரில் ஓவியம் சம்பந்தமாக என்ன நடந்தாலும் அது முதலில் எங்கள் மேஜைக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்து ஓவியப் போட்டி, பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றுகிறவர்கள் சுவர் வரைய ஆள் தேடுவது, கல்லூரியில் மூன்று நாள் முகாம், எதுவானாலும் பேனர் வேண்டுமே. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பதினைந்து பேர் இருப்பார்கள். வரைகிறவன் பெயர் கடைசி வரியில் இருந்தால் அதிர்ஷ்டம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்குக் கோபமெல்லாம் வராது. பேனர் கொடுக்க வந்தவரிடம், “இதுல வெளியாளு சேந்துக்கலாமாங்க?” என்று தவறாமல் கேட்பார். வந்தவர், இந்தம்மா ஏன் இதைக் கேட்கிறது என்று என்னைப் பார்ப்பார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பேன்.

அவர் வரைவார் என்பதே எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஐப்பசி மழையில் கடையின் பின்னறை ஒழுகியது. கழிவு ஃபிளெக்ஸ் சுருள்களை அள்ளி முன்னால் போட்டபோது ஒன்று விரிந்துகொண்டது. ஒரு பக்கம் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து, பெயர் தப்பாகி ஒதுக்கினது. திருப்பினால் வெள்ளைப் பக்கம் முழுக்க மனிதர்களின் முதுகுகள். டவுன் பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்தால் என்ன தெரியுமோ அது: கொண்டைகள், வியர்த்த கழுத்துகள், தோளில் தூங்கும் பிள்ளையின் வாய், பொத்தான் அறுந்த ரவிக்கையில் ஊக்கு. பழைய போர்டு எழுதிய காலத்து எனாமல் பெயின்ட்டில் வரைந்திருந்தார். ஒரு முகம்கூட இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகப் பயப்படுகிறவர் யார், யாருக்குப் பசி என்று சொல்லிவிடலாம். “ஓரமா வைப்பா, பெயின்ட்டு காயல” என்று பதறினார் அக்கா. நல்லா இருக்குக்கா என்று நான் சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. “பின்னாடி எண்ணெய் பெயின்ட் நிக்காதுக்கா” என்றுதான் சொன்னேன். பொறாமைதான், வேறென்ன. நாலு வருடம் உடற்கூறு படித்த என் கைக்கு வராத முதுகு அது.

கண்டனூரில் ஒரு பெரிய வீடு. பங்காளிகள் எட்டுத் திசையிலும் இருந்தார்கள். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாட்களில் மட்டும் எல்லாரும் வந்து கதவைத் திறப்பார்கள். அந்தப் படைப்பு நாளும் வருடத்துக்கு வருடம் மாறும், பங்காளிகள் அத்தனை பேருக்கும் தோதுப்பட வேண்டுமல்லவா. அந்த வீட்டு ஆச்சி ஒருவர் சென்னையில் இருந்தார், ஓவியத்தில் பிரியம் உள்ளவர். வீடுதான் திறந்திருக்கிறதே என்று, படைப்பு முடிந்த மறுநாளிலிருந்து நான்கு நாள், உள்ளூர் ஓவியர்களுக்கு ஒரு கண்காட்சி நடத்த ஆரம்பித்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். வந்தவற்றில் ஒருவரைத் தேர்ந்து, மூன்று மாதம் தங்க இடமும் வண்ணங்களும் கொடுத்து, வரைந்ததைச் சென்னையில் காட்சிக்கு வைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வாசல் அதற்குமுன் திறந்ததில்லை. அக்காவுக்கு அந்த வருடம் முப்பத்தொன்பது. “ஆடி வந்தா நாப்பது தம்பி. இந்தத் தடவ விட்டா அம்புட்டுத்தான்” என்றார். தன் வீட்டுக்காரரிடம் எப்படியோ பேசி, மூன்று மாதத்துக்குச் சம்மதமும் வாங்கி வைத்துவிட்டார். அதற்கே ஆறு மாதம் ஆனது என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கண்காட்சிக்கான பேனரை அடித்தவன் நான். ஆச்சி கைப்பட எழுதி அனுப்பிய துண்டுச்சீட்டு என் மேஜையில் இருந்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரன் எவனும் புதிதாகக் கோப்பு திறக்க மாட்டான். போன வருடத்துக் கோப்பை எடுத்துப் படத்தை மாற்றி, வருடத்தை மாற்றி, அச்சுக்கு அனுப்பிவிடுவான். நானும் அதைத்தான் செய்தேன். படைப்பு நாள் மாறியதால் கண்காட்சி நாளை மாற்றினேன். படங்களைக் கொடுக்கக் கடைசித் தேதியை மாற்ற மறந்தேன். பேனரில் நின்றுபோன பழைய தேதி, இந்த வருடத்து உண்மையான தேதிக்கு ஒரு வாரம் தள்ளி இருந்தது. இதுவரைக்கும் சத்தியமாக மறதிதான்.

என் படத்தை நான் சீட்டைப் பார்த்து, கெடுவுக்கு நாலு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை காலண்டர் தாளைக் கிழிக்கும்போது, வரப்போகும் தாள்களைச் சும்மா புரட்டினேன். மூலை மடிந்திருந்தது உண்மையான கெடுவுக்கு ஒரு வாரம் தள்ளி. பேனரைப் பார்த்து மடித்திருக்கிறார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திரும்பிச் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அக்கா பத்தடி தள்ளி பேனர் மூலையில் கயிறு கோர்க்கும் வளையம் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று நினைத்தேன். நின்றது. வாடிக்கையாளர் வந்தார். போகட்டும் என்று நினைத்தேன். போனார். சாயங்காலம் அக்காவே கேட்டார், “நீ குடுத்துட்டியா தம்பி?” “இல்லக்கா, இன்னும் முடிக்கல” என்றேன். நாக்கு கூசவில்லை. கூசாததுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மிச்சமிருந்த மூன்று நாளும் நான் இருப்புக் கொள்ளாமல் அலைந்தேன். தேவையில்லாமல் டீக்கடைக்குப் போனேன், கத்திரிக்கோலைத் தேடினேன், சும்மா இருந்த கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டேன். நாளைக்குச் சொன்னால் ஆகாதா, நாளைக்கும் நேரமிருக்கிறதே என்று ஒரு மனம். அவருக்கு எப்படியும் தெரிந்திருக்கும் என்று இன்னொரு மனம். கடைசி நாள் காலையில் தாளைக் கிழித்தேன். அன்றைய தாளின் மூலை மடியாமல் நேராக இருந்தது. அக்கா ஐந்தரை மணி பஸ்ஸுக்கு வழக்கம்போலக் கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம், மடித்து வைத்த அந்த நாளில், நான்கு சுருள்களைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு கண்டனூருக்குப் போனார். மதியத்துக்குள் திரும்பிவிட்டார். சுருள்கள் கையிலேயே இருந்தன. “என்ன ஆத்தா, ஒரு வாரம் கழிச்சு வாரீகன்னு ஆச்சி கேட்டாக” என்றார். மற்ற ஓவியர்களுக்கெல்லாம் ஆச்சியே போனில் செய்தி அனுப்பியிருந்தாராம். பேனரை நம்பிப் போனவர் இவர் ஒருவர்தான். அடித்த கடைக்காரர்கள் தப்பு என்று ஆச்சி சொன்னதற்கு, “அந்தக் கடையில தேதி சரி பாக்குறவ நாந்தான் ஆச்சி” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அவர் அழவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் அழுதார். “நான் ஒழுங்கா சரி பாத்திருந்தா ஒன்னோட படமாச்சும் போயிருக்கும். ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பஸ்சுல வரும்போதெல்லாம் அதே நெனப்பு தம்பி. மன்னிச்சுக்கப்பா.”

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மனுஷப் பிறவி என்றால் அந்த இடத்தில் சொல்லியிருப்பான். நான் இரண்டு நாள் கழித்து இன்னொரு பொய்யைச் சொன்னேன். “நான் போய்க் கெஞ்சிப் பாத்தேன்கா. எடுத்துக்கிட்டாக.” அவர் முகம் அப்படி மலர்ந்தது. “ஒருத்தருக்காச்சும் கெடச்சுச்சே” என்றார். பிறகு, “அப்ப நானும் இன்னுங் கொஞ்ச நேரம் நின்னு கேட்டிருக்கலாமோ” என்றார், தனக்குத்தானே.

கண்காட்சிக்கும் வந்தார். அந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பூச்சு, ஒரு விரிசல் விட்டால் பங்காளிகளுக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் முற்றத்துத் தூண்களுக்கு இடையே கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லாரும் வரிசையாக முன்பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அக்கா மட்டும் ஒவ்வொரு படத்தையும் சுற்றிப் பின்பக்கமும் போனார். அவர் அப்படித்தான் பார்ப்பார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் படத்தின் பின்னால் ஆச்சி தன் அழகான கையெழுத்தில் ஒட்டிய சீட்டு இருந்தது: என் பெயர், கீழே, பெற்றுக்கொண்ட தேதி, கெடுவுக்கு நாலு நாள் முன்னால்.

நான் எதிர்த் தூணருகே நின்றேன். என் படத் துணிக்குக் கீழே அவர் காலும் சேலைக் கரையும் மட்டும் தெரிந்தன. ரொம்ப நேரம் அசையவே இல்லை. வெளியே வந்து என்னைத் தாண்டிப்போய், ஆச்சியிடம், “கோட்டையூர் பஸ் எங்குட்டு நிக்கும்?” என்று கேட்டார். அந்த பஸ்ஸில்தான் வந்து இறங்கியிருந்தார். ஆச்சி, “இருந்து காப்பி சாப்பிட்டுப் போங்க” என்றதும் காதில் விழுந்த மாதிரி இல்லை. அந்த மூன்று மாத வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. நியாயமாகத்தான் போனது.

திங்கட்கிழமை எட்டரைக்கு அக்கா வழக்கம்போல வந்தார். ஒரு பேனரைத் திரையில் காட்டி, “சார், இதச் சரி பாத்துட்டுச் சொல்லுங்க” என்றார். முதலாளி பின்னால் வந்து நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அதன்பிறகு ஒன்றரை வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். திட்டவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, என் டீயையும் சேர்த்தே வாங்கி வரச் சொல்வார். ‘தம்பி’ மட்டும் வரவில்லை. பிறகு தேவகோட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

இப்போது நானும் இன்னும் இருவரும் சேர்ந்து இந்தப் பக்கத்து ஓவியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். எங்கே போட்டி, எங்கே முகாம், யார் சுவர் கொடுக்கிறார்கள் என்று கிடைத்ததையெல்லாம் போடுவேன். கடைசித் தேதியை மூன்று முறை போடுவேன், அப்புறமும் சந்தேகம் வந்து ஆளுக்கு ஆள் போன் செய்வேன். “ஊருக்கெல்லாம் தேதி சொல்றீக, கரண்டு பில்லுக்கு மட்டும் பியூஸப் புடுங்குனாத்தான் தெரியும்” என்று என் மனைவி கேலி செய்வாள். செய்யட்டும். புண்ணியத்துக்குச் செய்கிறேன் என்று குழுவில் சிலர் என்னைப் புகழும்போதுதான் உட்கார முடிவதில்லை, எழுந்து எங்காவது போய்விடுகிறேன்.

போன மாசியில் காரைக்குடியிலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தோம். வயது வரம்பே கூடாது என்று கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தேன். படங்களை வாங்கிவைக்கும் மேஜையில் நான்தான் உட்கார்ந்தேன். கெடுவுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முதல் நாள், முற்பகல். வரிசையில் மூன்றாவதாக அக்கா நின்றார். முன்முடி நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தார். கையில் சேலை சுற்றிய சுருள்கள்.

எத்தனையோ வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பித்தேன். “அக்கா, அன்னைக்குக் கண்டனூர்ல...”

“பின்னாடி ஆளு நிக்குது சார்” என்றார்.

சுருள்களை விரித்தேன். அதே முதுகுகள், இன்னும் வயதானவை. ரசீதுப் புத்தகத்தைத் திறந்து அவர் பெயரை எழுதினேன். தேதிக்கு வரும்போது கை நின்றது. அவர் என் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல உருவிக்கொண்டார். “தேதிய நானே எழுதிக்கிறேன்.” எழுதினார். மண்டபத்துக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, அதற்குக் கீழே மணியையும் எழுதினார். பிறகு பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.

போட்டேன்.