சுங்கான் அச்சைப் புளி போட்டுத் தேய்த்த கதை

அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்த பிறகு பதினோரு வருடம் நான் வேலைக்குப் போகவில்லை. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவளுக்கு அனுமதி கிடையாது. அதற்கு முன்பு அம்பத்தூரில் ஆறு வருடம் அச்சு வடிவமைப்பாளராக இருந்தேன். ஷாம்பு பாட்டில் மூடி, ஊறுகாய் டப்பா மூடி என்று எத்தனையோ மூடிகளின் அச்சு என் வரைபடத்தில் பிறந்தது. இங்கே பிறந்தநாள் பார்ட்டிகளில் யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "சும்மாதாங்க இருக்கேன்" என்று பதில் சொல்லிச் சொல்லி எனக்கே என் மேல் எரிச்சல் வந்துவிட்டது.

அந்த எரிச்சலில்தான் காரில் இருபது நிமிடத் தொலைவில் இருந்த ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். ஆற்றங்கரையில் ஒரு பழைய வீடு, அவ்வளவுதான். அங்கே சம்பளம் வாங்கும் ஒரே ஆள் பொறுப்பாளர், என்னைவிடப் பத்து வயது சின்னவள். முதல் சில மாதங்கள் தூசி தட்டினேன், பெயர்ச்சீட்டு ஒட்டினேன்.

ஒரு நாள் அவள் மேசையில் கறுத்துப்போன ஒரு பித்தளைப் பொருளைப் பார்த்தேன். இரண்டு பாதிகள், ஓரத்தில் பொருத்துவதற்கு முளையும் குழியும். என்னவென்று யாரும் சொல்வதற்கு முன்பே கையில் எடுத்து மூடித் திறந்தேன். அச்சு! என் கைக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்?

புகையிலை அடைத்துப் பிடிக்கும் களிமண் சுங்கான் செய்கிற அச்சு அது. மண்ணை முறுக்கு மாவு போல நீளமாக உருட்டி, நடுவில் கம்பியை ஓட்டி, அச்சுக்குள் வைத்து இறுக்குவார்கள். பிறகு ஒரு முளையை மேலிருந்து அழுத்தினால் புகையிலை வைக்கிற கிண்ணம் குழிந்துவிடும். சுங்கான் செய்தவர்கள் பெரும்பாலும் தாங்களே அச்சு வெட்டவில்லை, அதற்குத் தனி ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் தொழிலை விட்டால் அச்சை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். அதனால் ஒரே அச்சு பல கைகள், பல ஊர்கள் மாறிப் போயிருக்கும். இதையெல்லாம் பொறுப்பாளர் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

எங்கள் அச்சில், கிண்ணத்தின் இரு பக்கமும் நங்கூரம் செதுக்கியிருந்தது. இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்ன இலைகள். அழகுக்காக என்று அவள் நினைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாதிகள் சேரும் இடத்தில் பொருளின் மேல் ஒரு கோடு விழும், அந்தக் கோட்டை மறைக்கத்தான் இலை. ஷாம்பு மூடியின் ஓரத்தில் நானும் அதற்காகத்தான் வரிவரியாகக் கோடு போட்டேன். இதைச் சொன்னபோது அவள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். பதினோரு வருடத்தில் நான் சொன்ன ஒன்றை ஒருவர் குறித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

இந்த அச்சைப் போலவே இன்னொன்று செய்யலாம், பள்ளிப் பிள்ளைகள் வந்தால் மண்ணை அழுத்திப் பார்க்கட்டும் என்றேன். அளவெடுத்துக் கணினியில் வரைய, கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு வாரத்துக்கு அதை என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

அந்த இரண்டு வாரத்துக்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அவரவர் கருவிக்குப் பொட்டு வைப்போம். கணவரின் லேப்டாப், மகளின் வயலின், கார், மிக்ஸி எல்லாம் வரிசையாக வந்துவிடும். என்னுடையது என்று வைக்க எனக்குத்தான் ஒன்றும் இருக்காது. இந்த முறை இருந்தது. கறுத்த பித்தளையை அப்படியே சாமி முன்னால் வைக்க எந்தத் தமிழ்ப் பெண்ணுக்குக் கை வரும்? புளியும் உப்பும் போட்டு, இலை இடுக்குகளில் பழைய டூத் பிரஷ் விட்டு, ஒட்டியிருந்த மண்ணையெல்லாம் எடுத்தேன். குத்துவிளக்கைப் போலப் பளபளத்தது. சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். மனசு நிறைந்துபோனது.

மகள் மட்டும் எட்டிப் பார்த்து, "அம்மா, யூ வாஷ்ட் இட்? ஓ மை காட்" என்றாள். அவளுக்கு எல்லாமே ஓ மை காட்தான் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நான் அச்சை வைத்துக் கொண்டுபோன பெட்டியைத் திறந்த பொறுப்பாளரின் முகம் வெளுத்தது.

"உள்ளே இருந்த மண் எங்கே?" என்று கேட்டாள்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ஆற்றங்கரையில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பெட்டி பெட்டியாகச் சுங்கான் துண்டுகள் கிடைத்திருந்தன. அவை இந்த அச்சில் செய்தவையா என்று பார்க்க, இடுக்கில் காய்ந்திருந்த மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிட இருந்தாள். இரண்டு வருடமாகக் காத்திருந்து அப்போதுதான் ஆய்வகம் சரி என்றிருந்தது. கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றினாய் என்றாள். கறிவேப்பிலைத் தொட்டியில் என்றேன். அவள் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை பேசலாம் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். கணவர் சமாதானம் செய்யப் பார்த்தார்.

"ஃப்ரீ சர்வீஸ்தானே, விடு. லைப்ரரில கூட வாலன்டியர் எடுக்கறாங்க, அப்ளை பண்ணிக்கலாம்."

"எனக்கு அது ஃப்ரீ சர்வீஸ் இல்லங்க. அங்க போனாதான் நான் படிச்ச படிப்பே எனக்கு ஞாபகம் வருது. அதையும் நானே கெடுத்துக்கிட்டேன்" என்று கத்தினேன்.

அவர் போய் எனக்குத் தோசை வார்த்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

வியாழக்கிழமை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று, எனக்குக் கொடுத்திருந்த அருங்காட்சியகச் சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். அவள் அதை வாங்கவில்லை. மேசையில் ஆறு பெட்டிகள் இருந்தன, எல்லாம் அந்தத் துண்டுகள்.

"கழுவாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை" என்றாள். "மண் போய்விட்டது. இனி நீதான் சொல்ல வேண்டும். ஒரு மூடி உன் அச்சிலிருந்துதான் வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

அச்சில் எங்காவது காயம் இருந்தால் அதில் பிறக்கிற எல்லாவற்றிலும் அது தெரியும் என்றேன். அச்சில் குழி என்றால் சுங்கானில் மேடு. உருப்பெருக்கியை வைத்துத் தேடினோம். கீழிருந்து மூன்றாவது இலையின் காம்பருகே, உளி வழுக்கியது போல ஒரு சின்னக் கீறல் இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு வியாழனும் அந்தப் பெட்டிகளோடுதான். தண்டுத் துண்டுகள்தான் நிறைய, கிண்ணத் துண்டுகள் கொஞ்சம், நங்கூரம் உள்ளவை அதிலும் கொஞ்சம். நான் துண்டைப் பார்ப்பேன், அவள் பட்டியலில் டிக் அடிப்பாள். இடையே பனி கொட்டியது, இரண்டு வாரம் சாலையை மூடினார்கள். ஐந்தாவது பெட்டியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு கிடைத்தது. கிண்ணத்தின் அடிப்பக்கம், மூன்று இலைகள், மூன்றாவதின் காம்பருகே ஒரு மேடு. அச்சில் மெழுகை அழுத்தி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே இடம், அதே சாய்வு. அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நானும் என் வயதை மறந்து குதித்தேன்.

அதனால் நான் செய்தது சரியாகிவிடவில்லை. அந்த மண் இருந்திருந்தால் இன்னும் என்னென்னவோ தெரிந்திருக்கும். அவளும் அதை மழுப்பவில்லை. அச்சுக்கான பதிவுத்தாளில் நடந்ததை அப்படியே எழுதினாள்: தொழில் கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாளுக்காகப் புளியும் உப்பும் கொண்டு சுத்தம் செய்யப்பட்டது, உள்ளிருந்த மண் திரும்பக் கிடைக்காது. அடியில், சுத்தம் செய்தவர் யார் என்ற இடத்தில் தன்னார்வலர் என்று போடுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் அச்சு வடிவமைப்பாளர் என்று எழுதினாள்.

அந்தத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். காருக்குள் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல், நான் செய்த தப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.