தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர்

தொன்புரியில் கால்வாயை ஒட்டிய அந்தச் சந்தில், சமானிடம் செடி வாங்கியவர்கள் எல்லோரும் அவரிடம் திட்டும் வாங்கியிருப்பார்கள். செடிக்குத்தான் காசு, திட்டு இலவசம். குளிர்காலத்தில் கொஞ்சம் தாராளமாகவே கிடைக்கும். மழை நின்று காற்றில் ஈரம் வற்றியதும் வண்ணச்சேம்பு தன் இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டு, மண்ணுக்குள் வெறும் கிழங்காகத் தூங்கப் போய்விடும். அடுத்த மழைக்குத்தான் எழுந்திருக்கும். விவரம் தெரியாதவர்கள் மொட்டைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் வந்து நிற்பார்கள்.

அடுத்த சந்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் அம்போன் அப்படித்தான் ஒருநாள் வந்து நின்றாள்.

"மாமா, செத்துப்போச்சு போல. தினமும் தண்ணி ஊத்துறேன், ஒரு துளிர் காணோம்."

"தினமும் ஊத்துறியா? தூங்குறவ மூஞ்சியில தினமும் தண்ணி அடிச்சா அவ என்னத்துக்கு ஆவா? உன் மாமியாருக்கு அப்படிச் செய்வியா நீ?"

"செய்யணும்னு ஆசைதான் மாமா."

"சிரிக்காதே! கிழங்கு அழுகிடும். தூங்குதுன்னா விட்டுடணும். நோண்டிப் பார்க்காதே, எழுப்பாதே, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாதே. போ!"

உள்ளேயிருந்து அவர் மனைவி பயோமின் குரல் வந்தது. "மெதுவாக் கத்துங்க கிழவரே. சின்ன வீட்டுக்காரி முழிச்சுக்கப் போறா."

சின்ன வீடு என்று அவள் சொன்னது முன்னறையில் நின்ற பெட்டியைத்தான். ஆள் உயரம், மரச்சட்டம், நாலு பக்கமும் பிளாஸ்டிக் தாள். உள்ளே எப்போதும் நீராவி பூத்திருக்கும். அதற்குள்தான் அவருடைய வண்ணச்சேம்புகள் இருந்தன. சமான் முப்பத்திரண்டு வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். கூட ஓட்டியவர்களில் சிலர் நிஜமாகவே சின்ன வீடு வைத்து நாறிப்போனார்கள். இந்த மனுஷன் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். பிள்ளை குட்டி கிடையாது. சந்து முனையில் வாழைப்பழம் பொரித்து விற்றுக்கொண்டிருந்த பயோம், எண்ணெய்ச் சூட்டுக்கு வேர்க்குரு வராமலிருக்க முகமெல்லாம் திட்டுத் திட்டாய்ப் பவுடரை அப்பிக்கொண்டு திரிவாள். வீட்டுக்குள்ளும் அதே கோலம்தான். "அந்தப் பெட்டியை நான் ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் இரண்டு பூக்களைத் தூரிகையால் தொட்டுச் சேர்த்து விதை எடுத்தார். அதில் முளைத்த நாற்பது கன்றுகளில் முப்பத்தொன்பது ஒன்றுக்கும் உதவாதவை. ஒன்று மட்டும் கரும்பச்சை இலையில் ரோஜா நிற நரம்போடு வந்தது. இடது மடலில் வெள்ளைத் திட்டுகள், அவசரமாகப் பவுடர் அப்பியதுபோல. பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வண்ணச்சேம்பு வளர்ப்போர் சங்கத்தில் ஒரு விதி உண்டு. புது இலை மூன்று மழைக்காலம் நிறம் மாறாமல் வந்தால்தான் அதற்குப் பெயர் எழுதுவார்கள். பெயர் எழுதும் வரை கிழங்கை வெட்டிப் பதியம் போட சமானுக்கு மனம் வரவில்லை. கத்தி பட்டால் நிறம் ஓடிவிடும் என்ற பயம். அதனால் உலகத்திலேயே அந்தக் கிழங்கு ஒன்றுதான் இருந்தது. இரண்டு மழைக்கு அச்சு மாறாமல் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு மழை பாக்கி.

"உன் பேரைத்தான் வைக்கப் போறேன்" என்றார்.

"ஐயய்யே! 'பயோம் ஒரு தொட்டி குடுங்க, நல்லாக் குண்டா இருக்கணும்'னு ஊரே கேக்குமே!" என்றாள். ஆனால் அன்று மாலை பொரித்த வாழைப்பழத்தில் நாலு துண்டு அவருக்கென்று எடுத்து வைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

கால்வாயில் வாழைமட்டை விளக்கு விடும் பௌர்ணமி வாரத்தில் அந்த இலை உதிர்ந்தது. அதே வாரம் பயோமின் கண்கள் மஞ்சளாயின. கல்லீரல் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சொங்க்ரான் வரைக்கும் தாங்கலாம்" என்றார். சித்திரைப் புத்தாண்டான சொங்க்ரானுக்கு ஊரெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடி ஓய்ந்து, அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் மழை வரும். சமான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு மாதத்தையே நினைத்துக்கொண்டு வந்தார்.

மாடி ஏற முடியாததால் பயோமுக்கு முன்னறையிலேயே, பெட்டிக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்.

"கடைசியில சின்ன வீட்டுக்காரி காலடியில கிடக்கிறேன் பாருங்க என் தலையெழுத்தை" என்றாள். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னாள். "அந்தப் பவுடர்காரியை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேனே."

"மழைக்கு வந்துடுவா. நீயும் இருப்பே."

"ம்" என்றாள்.

மறுநாளே, ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனுஷன், பின்பக்கத்து நிழலில் தூங்கிக்கொண்டிருந்த பவுடர்காரியின் தொட்டியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மேலே குண்டு விளக்கு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். சூடும் ஈரமும் கண்டால், மழை வந்துவிட்டது என்று கிழங்கு ஏமாந்து எழும் என்பது அவர் கணக்கு. தினம் இரண்டே கரண்டித் தண்ணீர், மருந்துபோல அளந்து ஊற்றினார். செய்யக்கூடாததைச் செய்கிறோம் என்று அவருக்குத் தெரியாதா என்ன? எல்லாம் தெரிந்துதான் செய்தார்.

மூன்றாவது வாரம் தொட்டியிலிருந்து புளித்த வாடை வந்தது. விரலை விட்டுப் பார்த்தார். மண் சொதசொதவென்று இருந்தது. கிழங்கு விரலில் கூழாய் ஒட்டிக்கொண்டு வந்தது. வெட்டி எடுத்துப் பிழைக்க வைக்க ஒரு துண்டுகூடத் தேறவில்லை. இரண்டே கரண்டிதானே ஊற்றினேன், இவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவே இல்லை. பின்பக்கம் போய், பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதார்.

பயோமுக்கு அப்போது கஞ்சிகூட இறங்கவில்லை. பெட்டிச் சூட்டில் தூங்காமல் விழித்திருக்கும் ஒன்றிரண்டு செடிகளில் செவலை நிறச் செடி ஒன்று இருந்தது. அதிலும் ரோஜா நரம்பு உண்டு, அங்கங்கே இரண்டு வெள்ளைப் புள்ளியும் உண்டு. அதை எடுத்துத் துடைத்து அவள் முகத்தருகே கொண்டுபோனார்.

"பாரு கிழவி, எழுந்துட்டா. உன்னைப் பார்க்கத்தான் சீக்கிரம் வந்திருக்கா."

அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"என் பவுடர் எங்கே?"

"என்ன?"

"இடது பக்கம் பவுடர் இருக்குமே. இது நீங்க போன வருஷம் சந்தையில வாங்கிட்டு வந்த செவலை. மேல் தட்டுல மூணாவது." மூச்சு வாங்கினாள். "நீங்க ராத்திரி டூட்டி பார்த்த வருஷமெல்லாம் இதுகளுக்கு யாரு தண்ணி தெளிச்சதுன்னு நினைச்சீங்க? பஸ் ஓட்டத் தெரிஞ்ச அளவுக்கு உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியலை. அவ அழுகிட்டாளா?"

சமான் தலையை ஆட்டினார். "நான்தான் கொன்னுட்டேன், பயோம். விதி தெரிஞ்சும் ஊத்தினேன்."

"எவ்வளவு?"

"தினம் ரெண்டு கரண்டி."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் ஈரம் இறங்கியது. "நீங்க காலையில கஞ்சி வாங்கப் போவீங்கல்ல... அப்ப நான் தவழ்ந்து போய் என் குடிதண்ணியில பாதியை அதுல ஊத்திடுவேன். எனக்குப் பார்க்கணும்னு இருந்துச்சுங்க. எனக்கும் விதி தெரியும். ஊருக்கே கேக்குற மாதிரிக் கத்துவீங்களே, தெரியாம இருக்குமா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"அழாதீங்க கிழவரே. முப்பது வருஷத்து ஆத்திரம், சின்ன வீட்டுக்காரியைத் தீர்த்துட்டுத்தான் போறேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். செவலையை அப்புறப்படுத்தக்கூட இருவருக்கும் தோன்றவில்லை.

சொங்க்ரானுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பயோம் போய்விட்டாள். அந்த ஊர் வழக்கப்படி புத்தர் கோயில் வளாகத்திலேயே எரித்தார்கள். முகத்துக்குப் பவுடரை அவரே பூசி அனுப்பினார், திட்டுத் திட்டாக. மழை வந்தது. தூங்கிக்கொண்டிருந்த மற்ற கிழங்குகள் எல்லாம் அதனதன் நேரத்துக்கு எழுந்து இலை விட்டன. சங்கத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள், புது இலையைக் கொண்டுவரவில்லையா என்று. இல்லை என்று சொல்லி அனுப்பினார். இலை இல்லாமல் பெயர் எழுத மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்ததுதான்.

மறுபடி குளிர் வந்தது. அம்போன் மொட்டைத் தொட்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"திட்டாதீங்க மாமா. தூங்குதுன்னு எனக்கும் தெரியும். கொஞ்சூண்டு தண்ணி ஊத்தினா என்ன ஆகிடும்?"

எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திட்டைக் கேட்கத் திரும்பிப் பார்த்தார்கள். சமான் தொட்டியை வாங்கி மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வீட்டுல யாருக்காவது இதைப் பார்க்கணும்னு இருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கு மாமா? அப்படியெல்லாம் இல்லை. சும்மாதான் கேட்டேன்."

"அப்ப ஊத்தாதே" என்று தொட்டியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.