அண்ணன் தோள் கொடுத்த கோயில்

அண்ணன் ஜப்பானிலிருந்து அனுப்பிய முதல் படத்தில் அவன் இல்லை. சாயம் வெளிறிய சிவப்பு மரவாசல், பாசி படிந்த கற்படிகள், மேலே நம் பக்கத்துக் கிணற்றடி மோட்டார் ரூம் அளவில் ஒரு மரக்கோயில். "எங்க பட்டறைக்குப் பொறத்தால இருக்குது. உள்ள சிலை இல்லியாம் சாமி, ஒரு கண்ணாடிதானாம்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். தங்கையான என்னை அவன் எப்போதும் சாமி என்றுதான் கூப்பிடுவான்.

சேந்தமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். ஊர் மாரியம்மன் கோயிலுக்கு வெளியே இருக்கும் வேப்பமரம் வரைக்கும்தான் எங்கள் தெருக்காரர்கள் போவார்கள். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. சொல்லித் தரவும் இல்லை. பாலிடெக்னிக் முடித்த அண்ணன் நான்கு வருட ஒப்பந்தத்தில் ஜப்பானிய வார்ப்புப் பட்டறை ஒன்றுக்குப் போனான்.

மலையடிவாரத்துச் சிற்றூர் அது. இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்களே மிஞ்சியிருந்தார்கள். ஷின்டோ வழிபாட்டில் மலையும் மரமும் தண்ணீரும் தெய்வம் தங்கும் இடங்கள் என்று அவன் அங்கே தெரிந்துகொண்டான். பூசாரி திருவிழாவுக்கு மட்டும் வருவார்; மற்ற நாளில் வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கூட்டிப் பெருக்குவார்கள். அறுவடை முடிந்ததும் சாமியைச் சிறு பல்லக்கில் வைத்து வயல்களைச் சுற்றி வருவது வழக்கம். ஆள் போதாமல், பட்டறை மேஸ்திரி என் அண்ணனின் அறைக்கே வந்து தலைகுனிந்து கேட்டார்.

"நாந் தொடலாமான்னு கேட்டேன். அவருக்கு அது புரியவே இல்ல. தோளு வலிக்குமான்னு மட்டுந்தான் கேட்டாரு சாமி." பல்லக்குக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்துதான் போனில் இதைச் சொன்னான்.

ஒப்பந்தம் முடிந்து வந்த வருடம் எங்கள் ஊரிலும் ஆள் இல்லை. பையன்கள் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போயிருந்தார்கள். அம்மன் பல்லக்கைத் தூக்க ஆறு பேர் குறைந்தார்கள். அண்ணன் குளித்து, ஈர வேட்டியோடு போய் நின்றான். நானும் அம்மாவும் வேப்பமரத்தடியில் இருந்தோம்.

"ஏனுங்க, நானும் ஒரு தோள் குடுக்கறனுங்க."

கோயில் பெரியவர் சிரித்த முகமாகவே சொன்னார். "உனக்கெதுக்குப்பா அந்தச் செரமம்? அங்கயே நின்னு கும்புட்டுக்க."

பிறகு டிராக்டரைக் கொண்டுவந்து அம்மனை அதில் ஏற்றினார்கள். அது கடந்து போகும்வரை அண்ணன் நகரவில்லை. யாராவது அடித்திருந்தால் கோபப்படவாவது ஒரு வழி இருந்திருக்கும். அன்று சாயந்திரமே பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான்.

போன மார்கழியில் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு அண்ணன் வந்திருந்தபோது மேஸ்திரியின் செய்தி வந்தது. பராமரிக்க ஆளில்லாததால் சாமியைப் பக்கத்து நகரத்துப் பெரிய கோயிலில் சேர்த்துவிட்டார்களாம். பனி விழுமுன் மரக்கோயிலைப் பிரித்தும் விட்டார்களாம். அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான். ஆறிப்போன காபியை அப்படியே குடித்தான்.

"நம்ம ஊருக்கு ஒருக்காப் போயிட்டு வரலாமாண்ணா?" என்றேன்.

"அங்க நமக்கு யாரு இருக்கறா சாமி?" என்றான்.

அப்பாவும் அம்மாவும் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள்.