என்னை நானே புகழ்ந்த கடிதம்

போன வாரம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்த தீபிகா, எம்.எஸ்ஸி.க்கு வெளி மாநிலத்தில் விண்ணப்பிக்கிறாளாம். மூன்று பேர் பரிந்துரை எழுத வேண்டும். கல்லூரியில் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்கு அலைந்து, கடைசியில் பள்ளிக்கூடத்து மிஸ் ஞாபகம் வந்திருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இணைப்பைத் தொட்டால் கட்டம் கட்டமாகக் கேள்விகள். சொந்தமாகச் சிந்திப்பாரா, மற்றவர்களோடு ஒத்துப்போவாரா என்று டிக் அடித்துக்கொண்டே போகலாம். கடைசியில் நாலு வரி எழுத ஓர் இடம். அதோடு வாட்ஸப்பில் அவளுடைய செய்தி: "மிஸ், நீங்க பிஸியா இருப்பீங்க. அந்த நாலு வரிய நானே எழுதி அனுப்பட்டுமா? நீங்க பேஸ்ட் பண்ணா போதும்."

டப்பாவை மூடி வைத்துவிட்டேன். வேண்டாம் தாயே, நானே எழுதுகிறேன் என்று பதில் போட்டு, கை கழுவிய கையோடு எழுதி அனுப்பியும் விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ என்று கடைசிவரை கவலைப்பட்டுக்கொண்டே வாசிப்பீர்கள். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அந்த நாலு வரியை அடித்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு வாசனை வந்தது. ஜெராக்ஸ் மிஷினிலிருந்து சூட்டோடு வெளியே வரும் தாளின் வாசனை, கூடவே பால் சுண்டும் வாசனை. இரண்டும் சேர்ந்து அடிக்கும் இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டி.டி.பி. கடை. அதை ஒட்டி ஒரு பால்கோவாக் கடை, பின்கட்டில் எந்நேரமும் அடுப்பு எரியும். டி.டி.பி. கடைக்காரர் காலையிலிருந்து சாயங்காலம் வரை அஃபிடவிட்டும் மனுவும் அடித்துத் தள்ளுவார். நான் அங்கே போனது என் புகழை நானே டைப் அடித்துக்கொள்ள. எனக்கு ஊர் சேத்தூர், கல்லூரி ராஜபாளையத்துப் பக்கம். ராஜபாளையத்தில் அடித்தால் தெரிந்தவர்கள் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டு, அதைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். கோர்ட்டு வாசலில் யாரும் அடுத்தவர் தாளை எட்டிப் பார்ப்பதில்லை. அவரவருக்கு அவரவர் வழக்கே பெரிது.

அப்போது நான் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். மேலே படிப்பதா, கல்யாணம் பண்ணிக்கொள்வதா என்று என் வீட்டில் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணக் கட்சிக்கு அம்மா தலைமை. சோழபுரத்தில் ஒரு மாப்பிள்ளையைக் கையில் தயாராக வைத்திருந்தாள். படிப்புக் கட்சியில் நான் ஒருத்திதான். ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்த்த அப்பா, நைட் ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குகிறவர் என்பதால், நடுவராகக்கூட உட்காரவில்லை.

என் கட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தவள் ரஹ்மத். என் வகுப்புத் தோழி, அவளுடைய வாப்பாவுக்கு ராஜபாளையத்தில் பாத்திரக்கடை. அவளுக்கு நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள். தனக்கு இல்லையென்று ஆனதும் தன் ஆசை மொத்தத்தையும் என் தலையில் ஏற்றிவிட்டாள். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடித் தேடி, வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தால் அப்படியே டாக்டர் பட்டம் வரைக்கும் போகலாம், உதவித்தொகை தருவார்கள், அப்பா கைக்காசு எதுவும் போட வேண்டாம். இதை நான் வீட்டில் சொன்ன அன்றைக்கு அப்பா தூங்கப் போகாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "அங்க எடம் கெடச்சாப் போ. கெடைக்கலன்னா பொறவு அம்மா சொல்லுத மாப்பிள்ளைக்குத் தலையாட்டிரணும்."

நியாயமான ஒப்பந்தம்தான். ஒப்பந்தம் போட்ட வாரமே அப்பா ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டு வந்தார். நான் விண்ணப்பம்கூட இன்னும் போடவில்லை. சேத்தூரில் கம்பளி ஸ்வெட்டரை யார் வீட்டில் பார்த்திருக்கிறார்கள்? வாங்குவதற்கு முன்னால் மில்லில் எல்லாரிடமும், வடக்கே குளிருக்கு எம்புட்டுக் கனம் வேணும் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார். ஆக மகள் படிக்கப் போகும் விஷயம் மில் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்தக் காலத்து விண்ணப்பம் பாதி இணையம், பாதி தபால். கணினியில் நிரப்பி, அச்செடுத்து, இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களை ஒட்டிய உறையில் வைத்து, கடைசித் தேதிக்குள் போய்ச் சேருகிற மாதிரி அனுப்ப வேண்டும். ஒரு கடிதத்தை ஜெயசீலி மிஸ் கொடுத்தார். அவர் கௌரவ விரிவுரையாளர், அடுத்த வருஷம் இருப்பாரா என்று அவருக்கே தெரியாது. கேட்ட மறுநாள் காலையில் தன் கையாலேயே எழுதிக் கொண்டுவந்து தந்தார். இன்னொன்றுக்குத் துறையில் யாரிடம் போனாலும், "ஹெச்.ஓ.டி. போடாம நாங்க போட்டா நல்லா இருக்காதும்மா" என்று ஒரே பதில். ஜெயசீலி மிஸ்ஸுக்கு மட்டும் அந்தப் பயம் ஏன் இல்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஹெச்.ஓ.டி. நல்ல உயரம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. நான் போய்க் கேட்டபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். ஊரெங்கும் உள்ள வழக்கம்தான். எனக்கோ அவர் வரமே கொடுத்துவிட்ட சந்தோஷம்.

தன்னைப் பற்றித் தானே நல்லதாக எழுத உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். ஒழுங்காக வகுப்புக்கு வருவாள், பெரியவர்களிடம் அடக்கமாக நடந்துகொள்வாள், கையெழுத்து அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி ரஹ்மத்திடம் காட்டினேன். "ஏட்டி, இது மாப்பிள்ள வீட்டுக்கு எழுதுத மாதிரில்ல இருக்கு" என்று கிழித்துப் போட்டாள். பிரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு மாதிரிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வெளிநாட்டுப் பேராசிரியர் யாரோ எழுதியது. அதில் ஒரு வரி எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த மாணவிக்குக் கற்பித்தபோது நானும் இவரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்று அர்த்தம் வரும். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். அதை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டோம். டி.டி.பி. கடைக்காரர் தன் பங்குக்கு, கேட்காமலே, மேற்கண்ட விவரங்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை என உறுதி கூறுகிறேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து அடித்துக் கொடுத்தார். அது இல்லாமல் ஒரு தாளை வெளியே விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

கடிதத்தைக் கொடுத்த மறுநாள், முதல் வருஷப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஹெச்.ஓ.டி. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் ஏதோ கருவி எடுத்துக் கொடுக்கச் சொல்லுகிறார் என்று நினைத்துப் போனேன். என்னை மேடையில் நிறுத்தி வைத்துவிட்டு, கடிதத்தை வாசிக்க ஆரம்பித்தார். ஆங்கிலம் புரியாத பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாதே என்று வரிக்கு வரி தமிழிலும் விளக்கினார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தப் பெருந்தன்மையான வரி வந்ததும் நிறுத்தினார். முன் பெஞ்சில் ஒரு பையனை நகரச் சொல்லி உட்கார்ந்தார். அவனுடைய நோட்டையே வாங்கி விரித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"நான் ஒங்கிட்ட என்னம்மா கத்துக்கிட்டேன்? சொல்லு, எழுதிக்கிடுதேன். இந்தப் புள்ளைகளும் கத்துக்கிடட்டும்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே பாடம் கேட்க வந்தவர் மாதிரி பேனாவும் கையுமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கியது. அப்புறமும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தெரியவில்லை சார் என்று சொன்னேன். "எனக்கும்தாம்மா தெரியல" என்று எழுந்தார். கோர்ட்டு வரியையும் வாசித்து அதற்கும் ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டு, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்றார்.

மறுநாளும் அதையே சொன்னார், அதற்கு மறுநாளும் அதையே. வராந்தாவில் முதல் வருஷப் பிள்ளைகள் என்னைக் கண்டால் எழுந்து நின்று, சாரோட டீச்சர் வாராங்க என்று வணக்கம் வைத்தார்கள். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் அப்பாவிடம் சொன்னேன். நடந்ததைச் சொல்லவில்லை, சாருக்கு நேரம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஷேவிங் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹெச்.ஓ.டி. வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள். அப்பா கும்பிட்டார்.

"ஒங்க மகளுக்கு நாங்க என்னங்க சொல்லிக் குடுக்க? அவதான் எனக்கே பாடம் எடுத்திருக்கா" என்றார் ஹெச்.ஓ.டி. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்புட்டுப் பெரிய மனுசன். ஒன்னயப் பத்தி எம்புட்டு ஒசத்தியாச் சொல்லுதாரு பாத்தியா?" நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆமாப்பா என்றேன். என் வாழ்க்கையில் நான் பட்ட அவமானங்களிலேயே அந்த வகுப்பறையை இரண்டாவதாகத்தான் வைப்பேன். இதுதான் முதலாவது.

திங்கட்கிழமை அவர் லீவு. செவ்வாயும் புதனும் ஏதோ கல்யாணம். வியாழக்கிழமை பியூன் கையில் கடிதத்தைக் கொடுத்தனுப்பினார். ஒரு வரிகூட மாற்றவில்லை. கற்றுக்கொண்ட வரி, கோர்ட்டு வரி எல்லாம் அப்படியே இருந்தன. பச்சை மையில் கையெழுத்து, கீழே துறை முத்திரை. விண்ணப்பம் மறுநாள் அங்கே இருந்தாக வேண்டும். ஒரே நாளில் வடக்கே போய்ச் சேருமா என்று கேட்டதற்கு, தபாலாபீஸில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ரஹ்மத் தன் ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி அந்த நிறுவனத்துக்குப் போன் பண்ணினாள். தாமதமாக வந்தால் பிரிக்கவே மாட்டோம் என்று மரியாதையாகச் சொன்னார்களாம். போனை வைத்துவிட்டு அவள்தான் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, அந்த ஆள் செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

அடுத்த வருஷம் போட்டுப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாவும் கேட்டார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். ஹெச்.ஓ.டி. அறை வாசலில் இன்னொரு தடவை போய் நிற்க எனக்குத் தெம்பு இல்லை. சோழபுரத்து மாப்பிள்ளைக்குத் தலையாட்டினேன். அவர் நல்ல மனுஷர், பி.எட். படிக்க வைத்தார், அதில் இந்த வேலை கிடைத்தது. அப்பா மட்டும் சாகும்வரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், தன் மகள் காலேஜ் வாத்தியாருக்கே பாடம் எடுத்தவள் என்று. பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கருவூலத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஓய்வூதியர் நேர்காணல் நடந்துகொண்டிருந்த சமயம், வராந்தா முழுக்க வயசானவர்கள். பெஞ்சின் ஓரத்தில் ஹெச்.ஓ.டி. உட்கார்ந்திருந்தார். உயரம் எல்லாம் குறைந்து, சட்டை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. பார்க்காத மாதிரி போயிருக்கலாம். நான் போய் எதிரே நின்று, உங்கள் மாணவி சார் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், நம்ம புள்ள என்று சொல்லிக்கொண்டார். துறையையே மூடிவிட்டார்கள், இயற்பியலுக்கு யாரும் சேருவதில்லை, லேபில் இப்போது பி.பி.ஏ. வகுப்பு நடக்கிறது என்று வருத்தப்பட்டார். நான் பள்ளிக்கூட டீச்சர் என்றதும், "ஏம்மா, மேல படிக்கலையா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷம் அடுப்படியிலும் பஸ்ஸிலும் நான் ஒத்திகை பார்த்தது இந்த இடத்துக்காகத்தான். அவர் கண்ணை விட்டு என் கண்ணை எடுக்காமல் சொன்னேன். "அப்ளை பண்ணுனேன் சார். ஒரு லெட்டர் நேரத்துக்குக் கெடைக்கல."

"அடடா" என்றார். நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டவர் போல என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட வந்திருக்கலாம்லம்மா. நான் போட்டுக் குடுத்திருப்பேன்ல."

அந்த முகத்தில் பழைய குசும்பு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன். இல்லை. மறதி நோயும் இல்லை. எங்கள் துறையில் இருந்த அத்தனை பேர் பெயரும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இது மட்டும்தான் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அன்றைக்கு அவருக்கு எதுவும் நடக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். நான்தான் கையைப் பிடித்து எழுப்பி விட்டேன்.

அந்த டி.டி.பி. கடையும் இப்போது இல்லை, செல்போன் கடை ஆகிவிட்டது. ரஹ்மத் தென்காசிப் பக்கம் இருக்கிறாள், பெருநாளுக்குப் பெருநாள்தான் பேச்சு. அப்பா இல்லை. போனதெல்லாம் போகட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க அந்த ஆளாவது மிச்சம் இருக்கிறார் என்று ஒரு தைரியம் இருந்தது. போன மாதம் கருவூல வராந்தாவில் அவரும் இல்லையென்று ஆகிவிட்டது.